உரியவர் இல்லாத ‘நான்’: அனுபவப் பகிர்வும் சொல்லறமும்

கல்வி கொடுக்கக் கொடுக்க வளரும் செல்வம் என்பர் ஆன்றோர். இது நூலறிவுக்கு மட்டுமன்று, ஒருவர் தம் தொழிலிலும் வாழ்விலும் பட்டுத் தெளிந்த பட்டறிவுக்கும் பொருந்தும். முன்பெல்லாம் இப்பட்டறிவு திண்ணையிலும் சந்தையிலும் தறிமேடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கைமாறியது. இன்று அது கைப்பேசியில் கைமாறுகிறது. ஒருவரையொருவர் முகமறியாத பல நூறு பேர் இணையத்தில் ஒரு குழுவாகக் கூடித் தமக்குத் தெரிந்ததைச் சொல்கின்றனர், தெரியாததைக் கேட்கின்றனர். இது நம் காலத்துக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், திண்ணைப் பேச்சுக்கும் கைப்பேசிப் பேச்சுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அது தமிழ் இலக்கணத்தோடும் தொடர்புடையது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டில் இல்லாத அறிவு

அறிவனைத்தும் ஏட்டில் அடங்கிவிடுவதில்லை. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். சுவடிகள் கிடைத்தன, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆனால் சமணர் வழக்காறுகள் குறித்த இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சமணக் குடும்பத்தாரிடம் சென்று கேட்டார். அவர்களோ சிந்தாமணியைப் பாராயண நூலாகப் போற்றி வந்தவர்கள். எந்த நூலிலும் கிடைக்காத விளக்கங்களை அவர்கள் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துரைத்தனர். 1887ஆம் ஆண்டு வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பில் அவ்வீட்டார் பகிர்ந்த அறிவும் கலந்திருக்கிறது.

அகராதித் துறையிலும் இதனைக் காணலாம். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். நம் கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் ஒரு வட்டாரச் சொல்லகராதி தந்தார். உழவரும் ஆயரும் கைவினைஞரும் அன்றாடம் வழங்கிய சொற்களே இவ்வகராதிகளுக்கு மூலப்பொருள்.

இணையம் தமிழுக்கு வந்தபோதும் முதற்கண் நிகழ்ந்தது இத்தகைய பகிர்வே எனலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் நடைபெற்றது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் உலகுக்கு அளித்தனர். அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. முகமறியாதவரிடையேயும் நம்பிக்கை வளர முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

பெரியத்தாவின் கேள்வி

நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்போம். என் பெரியத்தா பொள்ளாச்சியில் பல்லாண்டுகள் தேங்காய் மண்டி நடத்தியவர். ஒரு காயைக்கூடக் காதருகே வைத்துத் தட்டிப் பார்க்காமல் விலை பேச மாட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் குழு ஒன்றில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. “நான் இருபது ஆண்டுகள் சர்க்கரை நோயால் அவதிப்பட்டேன். இந்தக் கஷாயத்தை நாற்பது நாள் குடித்தேன். இப்போது மாத்திரையே இல்லை” என்பது அதன் சாரம். அனுப்பியவர் நெருங்கிய உறவினர். பெரியத்தா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதங்களுக்குப் பின் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் பெரிதாயிற்று. மருத்துவமனையில் ஒரு விரலை அகற்ற நேர்ந்தது.

படுக்கையில் இருந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, ‘நான் குடிச்சேன், எனக்குச் சரியாச்சு’ன்னு எழுதியிருந்துச்சே, அந்த ‘நான்’ யாரு?”

விசாரித்தேன். அனுப்பிய உறவினர் அக்கஷாயத்தைக் குடித்தவரல்லர். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவருக்கு அனுப்பியவரைக் கேட்டேன்; அவரும் குடித்தவரல்லர். மூன்றாம் ஆளுக்கு மேல் தடம் தெரியவில்லை. அந்த ‘நான்’ யார் என்பதை இன்றுவரை அறிய முடியவில்லை.

‘ஆம்’ என்னும் காவல்

தமிழாசிரியனாகிய எனக்கு அக்கேள்வி ஓர் இலக்கணப் பாடமாகவே அமைந்தது. “மழை பெய்தது” என்பதற்கும் “மழை பெய்ததாம்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் அறியும். முன்னது சொல்பவர் தம் பொறுப்பில் சொல்வது. பின்னது கேட்டதைக் கேட்டபடி சொல்வது. ‘ஆம்’ என்னும் ஒட்டு, “இது என் காட்சியன்று, கேள்வியே” என்று கேட்பவரை எச்சரிக்கும் காவலாக நிற்கிறது.

இவ்வுணர்வு நம் மரபில் தொன்மையானது. தொல்காப்பியர் முன்னோர் கருத்தைக் கூறுமிடங்களில் ‘என்ப’ என்றும் ‘மொழிப’ என்றும் சுட்டிச் செல்கிறார். மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை, அறிவைப் பெறும் அளவைகள் பத்தினை வகுத்துரைக்கிறது. நேரில் காண்பது ஒன்று. கண்டதிலிருந்து உய்த்துணர்வது மற்றொன்று. ‘இம்மரத்தில் பேய் உண்டு’ என்று உலகோர் வழிவழியாகச் சொல்வது ஐதிகம் என்னும் பிறிதோர் அளவை. இவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் பெயரிட்டுப் பிரித்ததே சிந்தனைத் தெளிவின் அடையாளமாகும். திருக்குறளிலும் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘அறிவுடைமை’ வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. கேட்டது அறிவாவதற்கு இடையில் ஆராய்ச்சி என்னும் ஒரு படி வேண்டும்.

திண்ணைக்கும் கைப்பேசிக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும். திண்ணையில் ஒருவர், “எனக்குக் குணமாயிற்று” என்றால், அதைக் கேட்டவர் அடுத்த தெருவில், “அவருக்குக் குணமாயிற்றாம்” என்றே சொல்வார். ‘எனக்கு’ என்பது ‘அவருக்கு’ என மாறும். ‘ஆம்’ வந்து ஒட்டும். வாய்மொழி தானாகவே இத்திருத்தத்தைச் செய்துகொள்கிறது. கைப்பேசியில் ஒரு செய்தியை அப்படியே பிறருக்கு அனுப்பும்போது இத்திருத்தம் நிகழ்வதில்லை. பத்தாவது கைக்குச் சென்றபின்னும் அது ‘நான்’ என்றே பேசுகிறது. அனுப்பியவர் முகமும் எழுதியவர் சொல்லும் ஒன்றாகத் தோன்றுகின்றன. உறவினர் மீதுள்ள நம்பிக்கை, யாரென்று தெரியாத ஒருவர் மீது ஏறிவிடுகிறது.

சொன்னவர் யார்?

இச்சிக்கலை உலகம் இன்றுதான் சந்திக்கிறது என்று கருத வேண்டா. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனை எதிர்கொண்டனர். இமாம் புகாரி (810–870) உள்ளிட்டோர் செய்தியை மட்டும் பதிவு செய்யவில்லை. அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் வரிசையையும் சேர்த்தே பதிந்தனர். இஸ்னாது எனப்படும் இவ்வரிசையில் இடம்பெற்ற ஒவ்வொருவரின் நேர்மையும் நினைவாற்றலும் ஆராயப்பட்டன. அடுத்தடுத்து நிற்கும் இருவர் சந்தித்திருக்கக் கூடியவர்தாமா என்பதும் ஆராயப்பட்டது. வரிசையில் ஒருவர் இன்னாரென்று அறியப்படாதவராயின், செய்தி எவ்வளவு இனிமையாக இருப்பினும் அது வலுக்குன்றியதாகவே எண்ணப்பட்டது. பெரியத்தா கேட்ட கேள்வி இந்த ஆய்வுமுறையின் முதற்கேள்வியே ஆகும்.

உண்மை அனுபவமும் வழிதவறச் செய்யலாம்

சொன்னவர் யாரெனத் தெரிந்து, அவர் பொய் சொல்லாதவராகவும் இருந்தால் போதுமா? போதாது என்பதை நம் பகுதித் தென்னந்தோப்புகள் உணர்த்துகின்றன. 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் ரூகோஸ் எனப்படும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இது தென்னை ஓலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். அது வெளியேற்றும் இனிப்புக் கழிவு கீழ் ஓலைகளின் மேல் படிந்து, அதில் கரும்பூஞ்சாணம் வளரும்.

ஒரு தோப்புக்காரர், “நான் பூச்சிமருந்து அடித்தேன், ஒரே வாரத்தில் ஈ குறைந்துவிட்டது” என்று எழுதுவதாகக் கொள்வோம். அவர் கண்டது உண்மையே. ஆனால் அவர் காணாதது ஒன்றுண்டு. வெள்ளை ஈயின் குஞ்சுகளை அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியும் அம்மருந்தில் மடிகிறது. காவல் நீங்கிய தோப்பில் ஈ மீண்டும் பெருகும். இதனாலேயே வேளாண் அறிஞர்கள் நச்சு மருந்துகளைத் தவிர்த்து, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும்பொறிகளைக் கட்டவும், ஓலைகளின் அடிப்புறத்தில் நீரை விசையுடன் பீய்ச்சவும், ஒட்டுண்ணிகளைப் பெருக்கவும் அறிவுறுத்துகின்றனர். ஒரு வார அனுபவம் ஒரு வாரத்துக்கே சான்று. அதனை ஓராண்டுக்குச் சான்றாக்குவதே தவறு.

கஷாயச் செய்தியிலும் இத்தகைய குறை உண்டு. அதைக் குடித்தவர் உணவைக் குறைத்தாரா, நடந்தாரா, அவர் சர்க்கரை அளவு முன்பு என்ன, பின்பு என்ன என்பன அதில் இல்லை. மேலும், குடித்துப் பயன் பெறாதவர்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை. ஒரு குழுவில் பலித்தவர் குரல் மட்டும் ஒலிப்பதால், எல்லார்க்கும் பலித்ததுபோல் ஒரு மயக்கம் தோன்றுகிறது.

ஊரையே கலக்கிய ‘நான் கண்டேன்’

தனிமனிதர் துன்பத்தோடு இது முடிவதில்லை. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கைப்பேசிகளில் காட்சிகள் பரவின. அவை வேறு நிகழ்ச்சிகளின் படங்கள் என்று காவல்துறை விளக்கியது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் பணியாற்றிய தொழிலாளரிடையே அச்சம் பரவிவிட்டது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரிக்கும் நிலை ஏற்பட்டது. பின்னலாடைத் தொழிற்கூடங்களில் அருகருகே நின்று பணி செய்தவர்கள் ஒருவரையொருவர் ஐயுற நேர்ந்தது. அக்காட்சிகளை அனுப்பியோருள் பெரும்பாலோர் தீய எண்ணம் உடையவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தம் இனத்தாரை எச்சரிப்பதாகவே எண்ணியிருப்பார்கள். நல்லெண்ணம் மட்டும் சொல்லறமாகிவிடாது என்பதே இதன் படிப்பினை.

பகிர்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை

இவற்றை எண்ணி வாய்மூடி இருத்தல் தீர்வாகாது. பட்டறிவைப் பகிராத சமுதாயம் தேங்கிவிடும். எனவே மாணவச் செல்வங்கள் கீழ்வரும் நெறிகளை மனங்கொள்ளல் நலம்.

முதலாவது, சொல்வது கண்டதா, கேட்டதா, படித்ததா என்பதைத் தெளிவாகக் குறித்தல். பிறர் செய்தியை அனுப்ப நேரின், “இது எனக்கு வந்தது; நான் அறிந்ததன்று” என்று ஒரு வரி சேர்த்தல். அந்த ஒரு வரி, உதிர்ந்துபோன ‘ஆம்’ என்பதை மீண்டும் ஒட்டும்.

இரண்டாவது, இடம், காலம், அளவு ஆகியவற்றைச் சொல்லுதல். செம்மண் தோட்டத்தில் பலித்தது கரிசல் காட்டில் பலிக்கும் என்பதில்லை.

மூன்றாவது, பலித்ததோடு பலிக்காததையும் சொல்லுதல். தோல்வியை ஒப்புக்கொள்பவரின் வெற்றிச் சொல்லுக்கு மதிப்பு மிகும்.

நான்காவது, தம் அனுபவத்தைச் சொல்லும்போது பிறர் மறைவைக் காத்தல். நம் வீட்டு நோயாளியின் நோய் அவருக்குரியது. அவர் இசைவின்றி அதனை ஊரறியச் செய்தல் முறையன்று.

ஐந்தாவது, எது எங்கே சொல்லத்தக்கது என அறிதல். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியங்களில், “நானே கண்டேன்” என்பது சான்றாகாது. வெளிவந்த நூலோ இதழோ காட்டப்பட வேண்டும். கலந்துரையாடலிலோ “நானே கண்டேன்” என்பதற்கே சிறப்பு. அங்கும் மருந்து, மருத்துவம் பற்றிய சொல், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகலாமே தவிர, மருத்துவர் சொல்லுக்கு மாற்றாகலாகாது.

நிறைவாக

பெரியத்தா இப்போது நலமாக இருக்கிறார், மாத்திரையும் தவறுவதில்லை. உறவினர் குழுவில் எச்செய்தி வந்தாலும், “கண்டதா, கேட்டதா?” என்று எழுதிக் கேட்கிறார். தொடக்கத்தில் இளையோர் சிரித்தனர். இன்று அக்குழுவில் வரும் செய்திகள் குறைந்துள்ளன. தேங்காயின் குரலைக் கேட்டு உள்ளிருப்பதை அறிந்தவர், சொல்லையும் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலைதான் அதிகம்.

நம் மாணவர்கள் அவ்விலை கொடுக்காமலே இதைக் கற்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. விடுமுறையில் தத்தம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் தொழிலின் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். நெசவாயினும், கிணற்றுப் பாசனமாயினும், சந்தை வணிகமாயினும் ஆகுக. ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே, சொன்னவர் தொழில், ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பின் அவர் இசைவுடன் உலகோடு பகிருங்கள். அச்சொல்லைப் படிக்கும் முகமறியாத ஒருவர், “இதைச் சொன்னவர் யார்?” என்று கேட்பாராயின், விடை அங்கேயே இருக்க வேண்டும். நாம் சொல்லும் ஒவ்வொரு ‘நான்’ என்பதற்கும் உரியவராக நிற்பதே சொல்லறமாகும்.