ஆவணிக் கல்யாணத்துக்கு மாடிப் பள்ளிக்கூடம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் ஊர்ப் பழமொழி. மும்பைத் தமிழர்கள் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம்: "அதையும் ஆவணி மழையில் பண்ணிப்பார்!"

சயானில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளின் கல்யாணம் ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெரிய மண்டபம். தரைத்தளம். பி.எப்.பில் எடுத்த பணத்தில் பாதி மண்டப வாடகைக்கே போய்விட்டது.

முகூர்த்தம் காலை 9 மணி முதல் 10-30 வரை. விடியற்காலையிலிருந்தே மழை. தாலி கட்டி முடிந்தது. முதல் பந்தி எழுந்து, அடுத்த பந்திக்கு இலை போடும்போது வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. சமையல்கட்டில் கணுக்கால் அளவு. அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

500 பேருக்குச் சமையல். உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் 150 பேர்கூட இல்லை. டோம்பிவிலி, கல்யாண் பக்கத்து உறவினர்கள் ரெயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை வீட்டார் பசியோடு திரும்பினார்கள் என்ற பேச்சு என் பெண்ணின் காதில் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது" என்கிறார் அவர்.

பஞ்சாங்கம் ஒன்று, மழை வேறு

நாள் பார்க்கும் பஞ்சாங்கம் நெல்லைக்கும் மும்பைக்கும் ஒன்றுதான். மழைதான் வேறு.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. மும்பையிலோ ஜூன் இரண்டாவது வாரம் தொடங்கும் மழை செப்டம்பர் கடைசி வரை விடுவதில்லை. ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் 800 மில்லி மீட்டருக்கு மேல் பெய்வது வழக்கம். நாம் கல்யாணம் வைக்காத ஆடி அதில் பாதியைக் கழித்துவிடுகிறது. ஆனால் முகூர்த்த மாதங்களான ஆனியும் ஆவணியும் மழைக்காலத்துக்குள்ளேயே விழுகின்றன.

2017 ஆகஸ்டு 29-ந் தேதி, அதாவது ஆவணி 13-ந் தேதி, கொட்டிய மழையில் ரெயில்கள் நின்று, ஆயிரக்கணக்கானவர்கள் வீடு திரும்ப முடியாமல் தவித்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

பந்தி நேரத்தில் கடல்

மழை மட்டுமே காரணம் அல்ல. நகரத்தின் மழைநீர்க் கால்வாய்கள் கடலில்தான் போய்ச் சேருகின்றன. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் வெளியே போகாது, தெருவில் தேங்கும். தாதர் இந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் போன்ற பள்ளமான இடங்கள் இதற்குப் பேர்போனவை.

அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். மும்பையில் அந்த நாட்களில் கடல் உச்சத்துக்கு வருவது ஏறக்குறைய பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில். சரியாகப் பந்தி நடக்கும் நேரம்! மூத்த பெண்ணின் கல்யாண நாளும் பவுர்ணமிதான்.

கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறது. நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு அதையும் பார்த்துவிடுவது நல்லது. வளர்பிறை சப்தமி, தசமி போன்ற திதிகளில் ஏற்றம் குறைவு.

"பாடம் நடத்தவா?"

இளைய பெண்ணுக்கும் ஆவணியிலேயே நாள் அமைந்தது. இந்த முறை அவர் மண்டபம் தேடவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், மேடான தெருவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் முதல் மாடிக் கூடத்தைக் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வகுப்பு இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் முகம் சுளித்தார். "என்ன சம்பந்தி, தாலி கட்டவா, பாடம் நடத்தவா?" என்று கேட்டார்.

"மேடு பார்த்துப் பிடிச்சிருக்கேன் சம்பந்தி. அன்னைக்கு வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் இவர்.

அன்றும் மழை பெய்தது. சற்றுத் தள்ளியிருந்த நாற்சந்தியில் முழங்கால் அளவு தண்ணீர். பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லாததால், மாட்டுங்காவில் சமைத்த சாப்பாடு காலை 7 மணிக்கே மாடிக்கு வந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் தண்ணீர் வடியும்வரை வகுப்பறை பெஞ்சுகளில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். மாப்பிள்ளையின் பாட்டிக்கு வாத்தியார் நாற்காலி. கரும்பலகையில் மணமக்கள் பெயரை எழுதியவர் வேறு யாரும் இல்லை, அந்தச் சம்பந்திதான்!

காலத்துக்கு ஏற்ற இடம்

வைகாசியில் கல்யாணம் என்றால் பள்ளிக்கூடக் கூடம் இன்னும் எளிது. ஜூன் நடுவில்தான் பள்ளிகள் திறக்கும். புழுக்கம் அதிகம் என்பதால் காற்றோட்டமான கூடமும் காலை முகூர்த்தமும் நல்லது. ஆனால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

கார்த்திகை, தை, மாசியில் மும்பை வானம் வெளுத்திருக்கும். குடியிருப்பின் மொட்டை மாடியே போதும். சொசைட்டியின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். சமையலைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். கார்த்திகையில் மழை ஊர்ப்பக்கம் இருக்கும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் ஒரு நாள் முன்பே வந்துவிடுவது உத்தமம். ரெயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்துவிட்டதால், அழைப்பிதழ் அதற்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

எந்த மாதமானாலும் ஞாயிறு "மெகா பிளாக்" அறிவிப்பையும், ஆவணியில் விநாயகர் சிலை கரைக்கும் நாட்களையும் பார்க்காமல் இடம் பேசக்கூடாது.

மண்டபத்தின் பெயர் அழைப்பிதழோடு போய்விடும். வந்தவர்கள் நனையாமல் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்களா என்பதுதான் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகும் பேச்சு.

அந்தக் குமாஸ்தா, மண்டப வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு காரியம் செய்தார். மூத்த பெண்ணின் புகுந்த வீட்டார் அத்தனை பேரையும் அழைத்து, தலைவாழை இலை போட்டு விருந்து வைத்தார். அன்று யாரும் பசியோடு திரும்பவில்லை.