குழந்தை யாரிடம்? குடும்ப நீதிமன்ற உத்தரவு எதிராக வந்தால் அடுத்த 30 நாளில் என்ன செய்வது?

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஹைதராபாத் பாலாநகர் பக்கம் குடும்பம் நடத்துற தமிழர்கள் நிறைய பேர். மணவாழ்க்கை முறிந்து, ‘குழந்தை மற்றவரிடமே இருக்கட்டும்’னு நீதிமன்றம் சொல்லிவிட்டால்? குழந்தையைக் கூட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஊருக்குப் போயிடலாம்னு தோணும். அது உங்கள் வழக்கையே கெடுத்துவிடும். சரியான வழி மேல்முறையீடு.

எங்கே, எத்தனை நாளில்?

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 19-ன்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு இங்கே நடந்திருந்தால் தெலங்கானா உயர் நீதிமன்றம்தான். சொந்த ஊர் மதுரை என்பதற்காக மதுரைக் கிளைக்குப் போக முடியாது. குறைந்தது இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும்.

கெடு 30 நாள். உத்தரவின் சான்றிட்ட நகல் பெற ஆகும் நாட்கள் இதில் கழிக்கப்படும். அதனால் தீர்ப்பு வந்த அன்றைக்கே நகலுக்கு விண்ணப்பிச்சிடுங்க. தாமதமானால், ஏற்கத்தக்க காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடலாம். ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பம்.

எல்லா உத்தரவுக்கும் அப்பீல் உண்டா?

இல்லை. இருவரும் சம்மதிச்சு வாங்கிய உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. இடைக்கால உத்தரவுக்கும் பொதுவாகக் கிடையாது; அரசியல் சாசனத்தின் 227-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகுவதுதான் வழக்கம். உங்கள் கையில் இருப்பது இடைக்கால உத்தரவா, இறுதி உத்தரவா? முதலில் இதைப் பாருங்க.

அப்பீல் போட்டாலே உத்தரவு நின்றுவிடுமா?

நிற்காது. இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனு போடணும். தடை கிடைக்கும்வரை குழந்தையை ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்தே ஆகணும். அந்தச் சமயத்தில் குழந்தையைப் பார்க்க, போனில் பேச அனுமதியும் சேர்த்துக் கேட்கலாம்.

நீதிபதிகள் எதைப் பார்ப்பார்கள்?

யார் நல்லவர் என்பதை அல்ல, குழந்தையின் நலன் எங்கே என்பதை. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது. அங்கேயும் நலன்தான் கடைசி வார்த்தை. ஆகவே ‘என் சம்பளம் அதிகம்’ என்பது மட்டும் போதாது. பள்ளிக்கூடம், மருத்துவம், குழந்தையை அன்றாடம் பார்த்துக்கிறது யார் என்பதில் கீழ் நீதிமன்றம் எந்தச் சாட்சியத்தைத் தவறவிட்டது என்று காட்டணும்.

மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கு இதற்கு உதாரணம். தனி நீதிபதி தாய்க்குச் சாதகமாகச் சொன்னதை இரு நீதிபதி அமர்வு மாற்றியது. 1973-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தாய் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்ல என்றும் சொன்னது.

அங்கேயும் தோற்றால்?

136-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்கலாம். இன்னொரு வழியும் உண்டு: குழந்தை வளர்ப்பு உத்தரவு எதுவும் நிரந்தரம் இல்லை. சூழ்நிலை மாறினால் குடும்ப நீதிமன்றத்திலேயே மாற்றம் கேட்கலாம்.

வக்கீல் ஃபீஸ்தான் தடையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தேசிய உதவி எண் 15100. தேதியை மட்டும் தவறவிடாதீங்க.