கடை சாத்தியும் விளக்கு அணையாத ஜாவா சர்வர்

நள்ளிரவு தாண்டி, புது வெர்ஷன் ஏற்றும் வேளை. டோம்கேட்டுக்கு ஷட்டவுன் கட்டளை கொடுத்தாயிற்று. 8080 போர்ட் மூடிவிட்டது. ஆனால் பிராசஸ் பட்டியலில் ஜாவா மட்டும் நகராமல் உட்கார்ந்திருக்கிறது. பொறுமையிழந்த கை 'கில் -9' அடிக்கிறது. சர்வரோடு தடயமும் போயிற்று.

ஜாவாவில் டீமன் அல்லாத த்ரெட் ஒன்று உயிரோடிருந்தாலும் ஜேவிஎம் தானாக வெளியேறாது. சாதாரணமாக உருவாக்கிய டைமரும் த்ரெட் பூலும் அந்த வகைதான்; எழுதியவருக்கே இது நினைவில் இருப்பதில்லை. 15-ஆம் சிக்னல் வந்தால் கதை வேறு. ஷட்டவுன் ஹூக்குகள் முடிந்ததும் ஜேவிஎம் யாருக்காகவும் நிற்காது. ஹூக்கே ஒரு த்ரெட்டுக்காகக் காத்துக் கிடந்தால்தான் சிக்கல்.

அப்போதும் கெடு நீளாது. மாற்றி அமைக்காவிட்டால் டாக்கர் 10 விநாடி, குபெர்நெட்டிஸ் 30 விநாடி. பிறகு அதே 9. அது பணம் அனுப்பும் சர்வரானால், இரு வங்கிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த பணம் அந்த நொடியில் அந்தரத்தில் நிற்கலாம்.

வாடிக்கையாளருக்கு த்ரெட் பற்றித் தெரிய வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐ-யில் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், புகார் கொடுக்காமலேயே.

சர்வரைப் பார்ப்பவர் கொல்லும் முன் 'ஜேஸ்டேக்' போட வேண்டும். 'கில் -3' கொடுத்தாலும் த்ரெட் டம்ப் கிடைக்கும். அதில் 'டீமன்' என்ற சொல் இல்லாத வரிகளைத் தேடினால் ஆள் அகப்படுவார். பெரும்பாலும் 'பூல்-1-த்ரெட்-1' என்றிருக்கும். பெயர் வைக்கச் சோம்பல்பட்டதன் விலை இது: எந்த பூல், யார் திறந்தது என்று கோட் முழுக்க அலைய வேண்டும்.

ஆள் தெரிந்தால், செயலி மூடும் இடத்தில் 'ஷட்டவுன்' சொல்லி, சில விநாடி காத்து, அடங்காவிட்டால் 'ஷட்டவுன்நவ்'. இதுவும் த்ரெட்டைக் கொல்வதில்லை, இன்டரப்ட் மட்டுமே தருகிறது. முடிவில்லா வைல் லூப்புக்குள் ஸ்லீப், அதைச் சுற்றி வெறும் கேட்ச் பிளாக் இருந்தால் அந்த இன்டரப்ட்டை விழுங்கிவிட்டு த்ரெட் மறுபடி தூங்கப் போய்விடும். எல்லாவற்றையும் டீமன் ஆக்கிவிடலாம் என்பது குறுக்குவழி. ஜேவிஎம் போகும்போது டீமன் த்ரெட்டின் ஃபைனலி பிளாக்கூட ஓடாமல் போகலாம். 'த்ரெட் ஸ்டாப்'பை நம்பவும் வழியில்லை, ஜாவா 20 முதல் அதைக் கூப்பிட்டால் எக்செப்ஷன்தான் வரும்.