எஞ்சின் புதிது, வள்ளம் பழையது

கூடுதல் குதிரைத் திறன் கூடுதல் மீனைத் தருமா? கேரளக் கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சின் மாற்றப் புறப்படுகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் கேரளக் கரையின் பல பகுதிகளில் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்குவதே பெரும்பாடு. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் நிலைமை நேர் எதிர். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களின் மறைவில் தொழில் சூடுபிடிக்கும் பருவமே அதுதான். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். இழுவலை விசைப்படகுகளுக்கு அப்போது தடை. அவுட்போர்டு பூட்டிய வள்ளங்களுக்குத் தடையில்லை. ஆண்டின் வருமானத்தில் பெரும்பங்கு சில வாரங்களில் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் மக்கர் செய்தால்?

பல ஆண்டுகள் உப்புத் தண்ணீரில் உழைத்த எஞ்சினை ரிப்பேர் செய்துகொண்டே இருப்பதா, மாற்றுவதா? மாற்றுவது என்றால் பெரும்பாலும் கடன்தான். தவறாகத் தேர்ந்தெடுத்தால் மீன் பிடித்த காசு எரிபொருளுக்கே போய்விடும். கரை தெரியாத தூரத்தில் எஞ்சின் நின்றுபோனாலோ, பிரச்சினை காசோடு முடிவதில்லை.

இயந்திரமயத்தின் கதை இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1953இல் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் விசைப்படகுகளைக் கொண்டுவந்தது. சிறு மீனவர்களின் வள்ளங்களில் அவுட்போர்டு பரவலானது 1980களில்தான். கட்டுமரங்களின் இடத்தில் பிளைவுட் வள்ளங்கள் வந்ததும் அதே காலத்தில். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் கேரளத்திலும் மீனவர் சங்கங்களின் படகுக் கூடங்கள் அவற்றைக் கட்டின. இன்று எஞ்சின் மாற்ற நிற்கும் பழைய வள்ளங்களில் பல அந்த வழியில் வந்தவை.

முதல் கேள்வி, எத்தனை குதிரைத் திறன்? பக்கத்து வள்ளத்தில் 25 என்றால் நமக்கு 40 என்று கேட்பது மனித இயல்பு. ஆனால் கடலின் கணக்கு வேறு. நீரைப் பிளந்து செல்லும் கனமான வள்ளத்துக்கு அதன் நீளமே வேக வரம்பை விதிக்கிறது. நீரில் படியும் நீளம் 25 அடி என்றால் வரம்பு மணிக்கு ஏறத்தாழ 6.7 கடல் மைல். அதற்கு மேல் கொடுக்கும் திறனில் பெரும்பகுதி அலை எழுப்பத்தான் செலவாகும். நீர்மேல் ஏறி வழுக்கிச் செல்லும் இலகுவான படகுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஆனால் வலை, ஐஸ், ஆள் என்று பாரம் ஏறியபின் அதுவும் கனமான வள்ளம்தான்.

முழு வேகத்தில் ஓடும் 25 குதிரைத் திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மணிக்குச் சுமார் 10 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் 40 லிட்டர். கனமான வள்ளத்தில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தேவைப்படும் திறன் ஏறத்தாழ கால்வாசி குறைந்துவிடும். அதில் மிச்சமாவதும் மீன் விற்ற காசுக்குச் சமம்தான்.

இரண்டாவது, எந்த எரிபொருள்? பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின்களே இந்தக் கரையில் நெடுங்காலம் கோலோச்சின. மானிய மண்ணெண்ணெய் கிடைத்தவரை அது லாபம். மத்திய ஒதுக்கீடு படிப்படியாகக் குறைய, வெளிச்சந்தை விலை கையைக் கடிக்கிறது. எஞ்சினைப் பரிசோதித்துத்தான் பெர்மிட் தருகிறார்கள். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய எஞ்சினை வாங்குகிறவர் அதற்குப் பெர்மிட் கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் எரிபொருளை மிச்சப்படுத்தும், புகையும் குறைவு. ஆனால் எடை அதிகம். 15 குதிரைத் திறனில் டூ-ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடும்.

இங்கேதான் வள்ளத்தின் வயது குறுக்கே வருகிறது. எஞ்சினைத் தாங்குவது பின்பலகை. பழைய பிளைவுட்டில் போல்ட் துளைகள் வழியே தண்ணீர் இறங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே மரம் உளுத்திருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாகச் சத்தமிடும். சந்தேகம் என்றால் எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் தச்சரைக் கூப்பிடுவது நல்லது. கூடுதல் எடையால் பின்பக்கம் தாழ்ந்தால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும்.

அளவும் முக்கியம். எஞ்சினின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது சற்றே கீழே அமைய வேண்டும். மேலே நின்றால் புரொப்பெல்லர் காற்றை அள்ளும். அதிகம் இறங்கினால் தண்ணீரை வீணாக இழுக்கும். பாரம் ஏற்றிய வள்ளத்தில் முழு வேகத்திலும் எஞ்சின் உரிய சுற்றுகளை எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் அதற்குப் பொருந்தவில்லை என்று பொருள். காலி வள்ளத்தில் சோதனை ஓட்டம் பார்த்து மயங்கக் கூடாது.

ஒரு பெரிய எஞ்சினா, இரண்டு சிறியதா? இரண்டு என்றால் பராமரிப்புச் செலவு கூடும். ஆனால் ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விழிஞ்ஞம், பூந்துறை, கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து போனவர்களைக் கொண்டுபோனது. அந்தச் சீற்றத்துக்கு எந்த எஞ்சினும் ஈடல்ல. ஆனால் சாதாரணக் காற்று நாளில், கையில் இன்னொரு எஞ்சின் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

கடைசியாக, மெக்கானிக். 1984இல் தொடங்கிய மத்ஸ்யஃபெட்டும் மீனவர் சங்கங்களும் சர்வீஸ் மையங்கள் நடத்துகின்றன. எந்த எஞ்சினின் உதிரி பாகம் அன்றைக்கே கைக்குக் கிடைக்கும் என்பதை அங்கே கேட்டறிவது விளம்பரத்தைப் படிப்பதைவிட மேல். பருவம் பிறக்கும் முன் வாங்கி, பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவி வைத்தால் எஞ்சின் உழைக்கும். கடன் தவணை முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லாபம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.