ராப் பாட்டும் பழைய துண்டும்

தோட்டத்து வாழ்க்கையையும் ராப்பையும் வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் வரப்போகிறதாம். அதற்குத் தோட்டத்து ராப் பையன்களிடம் பாட்டுக் கேட்டிருக்கிறார்களாம். இந்த மாதம் 15ஆம் திகதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டுமாம். பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து எங்கள் மேசைக்கு வந்திருக்கும் கடிதங்களின் சாரம் இதுதான். "அட்லாண்டா மாதிரி செய்யப்போகிறோம்" என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தியே பாட்டு வெளிவரவேண்டும், அதுதான் அவசரத்துக்குக் காரணம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதங்களில் ஆவல் நிறைய இருக்கிறது. குழப்பம் அதைவிட நிறைய. மாஸ்டர் உரிமை என்றால் என்ன? முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? தேறிய வருமானத்தில் 20 வீதம் என்று போட்டிருக்கிறதே, அது கைக்கு எவ்வளவு வரும்? ராப் என்றால் என்ன என்பதிலிருந்து நான் தொடங்கப்போவதில்லை. பதுளை பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றாலே அது காதில் விழும். நான் நிற்க விரும்புவது அந்த ஒப்பந்தத் தாளில், அதிலும் ஒரே ஒரு வாசகத்தில்.

அதற்கு முன் அட்லாண்டாவைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் அந்தப் பெயரைத்தான் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் 2016 செப்டம்பரில் தொடங்கி 2022 நவம்பரில் முடிந்த தொடர் அது. உருவாக்கி நடித்தவர் டொனால்ட் குளோவர். எழுத்தாளர்களாக அவர் சேர்த்தவர்கள் கறுப்பினத்தவர்கள். அவர்களில் பலர் அதற்குமுன் தொலைக்காட்சிக்கு ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். படிப்பைப் பாதியில் விட்ட ஏர்ன் என்ற இளைஞன், 'பேப்பர் போய்' என்ற பெயரில் ராப் பாடும் தன் உறவுக்காரனுக்கு மேலாளராகச் சேர்கிறான். பாட்டு நகரம் முழுக்க ஒலிக்கிறது. பாடியவனிடமோ மேலாளரிடமோ காசு இல்லை. முதல் பருவம் முடியும்போது ஏர்னுக்கு ஒருவழியாகத் தன் பங்கு கிடைக்கிறது. அன்றிரவும் அவன் படுப்பது சாமான் போட்டுவைக்கும் வாடகை அறை ஒன்றில்தான்.

அதில் ஒரு காட்சியை நம் பையன்கள் எல்லாரும் பார்க்கவேண்டும். ஏர்னுக்கு அன்றைக்கே காசு தேவை. கையிலிருக்கும் தொலைபேசியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறான். கூட வந்த நண்பன், காசாக வாங்காதே என்று சொல்லி அதை ஒரு வாளுக்கு மாற்றுகிறான். வாளை ஒரு நாய்க்கு மாற்றுகிறான். நாயை வளர்ப்பவன் ஒருவனிடம் விட்டுவிடுகிறான். குட்டிகள் விற்றதும் நல்ல தொகை வரும், ஆனால் அதற்குப் பல மாதம் ஆகும். ஏர்ன் உடைந்துபோகிறான். நண்பன் போட்ட கணக்கில் பிழையில்லை. பொறுத்திருக்க வசதியில்லாத ஒருவனுக்கு அந்தக் கணக்கு உதவாது, அவ்வளவுதான். எங்களுக்கு வந்த கடிதம் ஒன்றில் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டப்படும்" என்ற வாசகத்தை எடுத்து எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது.

இனி நம்முடைய கதை. அட்லாண்டாவைவிட நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. பாடியவர்கள் அறிவும் தீயும், இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது மாஜ்ஜா நிறுவனம். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. அரக்கோணத்துப் பையன் அறிவு அந்தப் பாட்டைத் தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பம். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்ததே, அதன் பிறகு கப்பலேறிய எத்தனையோ குடும்பங்களைப் போலவே நிலமில்லாமல் போய்ச் சேர்ந்தவர்களின் கதை அது. உலகம் ஆடிய அந்தப் பாட்டு ஒருவகையில் நம் மலையகத்துப் பாட்டு.

காசு என்ன ஆயிற்று? 2022இல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது தானே என்று அறிவு வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பதிலாகச் சந்தோஷ் நாராயணன் விடுத்த அறிக்கையில், உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமமாகப் பகிரப்படுகின்றன என்றார். 2024 மார்ச்சில் அவரே ஒரு காணொளியில் தோன்றி, மூன்று ஆண்டில் மூவருக்கும் வந்த வருமானம் பூச்சியம் என்றார். பாட்டின் உரிமை இப்போது தங்களிடம் திரும்பிவிட்டதாகவும் சொன்னார். மாஜ்ஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

அந்தத் தகராறில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் 2022இல் சொன்னதும் 2024இல் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்பதைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு தாளில் உறுதியாக இருக்கலாம், வருமானம் பூச்சியமாகவும் இருக்கலாம். உங்கள் பங்கு எத்தனை வீதம் என்பது இரண்டாவது கேள்வி. காசு முதலில் யார் கணக்கில் விழுகிறது, அங்கே எதையெல்லாம் கழித்துவிட்டு உங்களிடம் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

கழிக்கும் முறையைக் கவனியுங்கள். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். "தயாரிப்புக்கான எல்லாச் செலவும் கலைஞரின் பங்கிலிருந்து ஈடுசெய்யப்படும்." கடிதங்களோடு வந்த பக்கங்களில் அந்த ஆங்கில வாசகத்தின் பொருள் இதுதான். நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீடியோவுக்கும் முற்பணத்துக்குமாக நிறுவனம் 5 இலட்சம் ரூபா செலவழிக்கிறது என்று வையுங்கள். உங்கள் பங்கு 20 வீதம். பாட்டு 5 இலட்சம் சம்பாதித்ததும் செலவு அடைந்துவிட்டது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. 5 இலட்சத்தில் உங்கள் பங்கு ஒரு இலட்சம். கடனில் கழிவது அந்த ஒரு இலட்சம் மட்டும்தான். மீதி 4 இலட்சம் நிறுவனத்தின் சொந்தப் பங்கு, அது கடனைத் தொடாது. உங்கள் கடன் முழுதாகத் தீர்வதற்குப் பாட்டு 25 இலட்சம் சம்பாதித்திருக்கவேண்டும். அதுவரை வந்த 25 இலட்சமும் நிறுவனத்திடம் போயிருக்கும். 5 இலட்சம் போட்டவர் கையில் 25 இலட்சம். பாடியவர் கையில் தொடக்கத்தில் வாங்கிய முற்பணம் மட்டும், அதுவும் செலவாகிப்போன முற்பணம்.

தீபாவளி முற்பணம் வாங்கி மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுக்கொடுக்கும் வீட்டுக்கு வெட்டு என்பது புதிதல்ல. ஆனால் அந்த வெட்டு வாங்கிய தொகையோடு நின்றுவிடும். இந்த வெட்டு நிற்காது. அடுத்த வாசகத்தையும் படியுங்கள்: முதல் பாட்டின் கடன் தீராவிட்டால் இரண்டாவது பாட்டின் வருமானத்திலிருந்தும் பிடிக்கலாம். மூன்றாவதிலிருந்தும் பிடிக்கலாம். அதற்கும் கீழே, நிறுவனம் தன் உரிமைகளை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று ஒரு வரி. பாட்டு கைமாறும்போது உங்கள் பேரிலுள்ள கடனும் அதோடு கைமாறும்.

நம் தாத்தாமாருக்கு இது தெரிந்த ஏற்பாடு. கங்காணி ஊரில் ஆள் சேர்க்கும்போது கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறின. மன்னார்க் கரையில் கால் வைக்கும்போதே அவர் கடன்காரர். ஒரு கும்பல் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை ஒரு துண்டு எழுதிக்கொடுப்பார். புதிய தோட்டம் கட்டும். ஆளும் மாறும், கடனும் கூடவே மாறும். மலை மாறி மலை போனாலும் கணக்குப் புத்தகம் முன்னால் போய் நிற்கும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு தனி. கடனை உருவாக்குகிறவனே கணக்கையும் எழுதுகிறான், அந்தக் கணக்கைக் கடன்காரன் பார்க்கமுடியாது. துண்டு முறையின் உயிர் இதில்தான் இருந்தது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பாட்டு ஒப்பந்தத்தில் அதே ஏற்பாடு இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

பசறைப் பக்கத்தில் ஒரு பையன் பாட்டுப் பதிவு செய்வதைப் பார்த்தேன். லயத்துக் காம்பராவில் கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டு, அதற்குள் தொலைபேசியை வைத்துப் பாடுகிறான். தகரத்தில் மழை விழுந்தால் பதிவு செய்யமுடியாது என்பதால் வானத்தைப் பார்த்துத்தான் வேலை. பக்கத்துக் காம்பராவில் இருமல் கேட்டால் மறுபடி முதலிலிருந்து பாடவேண்டும். பாட்டு வரிகள் எல்லாம் செக்ரோல் கணக்கு, அரைப்பேர், மலைக்குப் போன அம்மாவின் கால் அட்டைக்கடி. இவ்வளவுக்கும் அவனுக்கு ஆன செலவு டேட்டாவுக்குப் போட்ட ரீலோட் மட்டும்தான். இப்படிப்பட்ட பாட்டைத்தான் அந்தக் கடன் கணக்குக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள்.

சட்டம் காப்பாற்றாதா? காப்பாற்றும் என்றுதான் அதிகாரிகள் சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கிய கணமே உரிமை ஆக்கியவருடையது. பதிவு தேவையில்லை. ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டும் அது செல்லும். இவையெல்லாம் உண்மை. அதிகாரிகள் சேர்த்துச் சொல்லாதது இன்னொன்று: உரிமையை மீறிவிட்டார்கள் என்று வழக்குப் போட நீங்கள் போகவேண்டிய இடம் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றம். மலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும் வீட்டிலிருந்து, பதுளையில் இரவு ரயிலேறித் தவணைக்குத் தவணை கொழும்புக்குப் போகவேண்டும். அதனால் இந்தச் சட்டத்தின் பலன் கையெழுத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உங்கள் உரிமை யாருக்கும் மாறாது. அந்த ஒரு பலத்தைத்தான் 15ஆம் திகதிக்குள் உங்களிடமிருந்து வாங்கப் பார்க்கிறார்கள்.

தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. வரட்டும், எனக்கும் ஆசைதான். தொலைக்காட்சிக் கமெராக்கள் கொஸ்லந்தைக்கு வரிசையாக வந்தது 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டம் சரிந்த மண்ணுக்குள் போன பிறகு. அழுகிற மலையகத்தை நாடு பார்த்துவிட்டது. சிரிக்கிற, கேலி பேசுகிற, ஊர்வம்பு அளக்கிற மலையகத்தையும் பார்க்கவேண்டும். ஆனால் அட்லாண்டா மாதிரி என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: எழுதுவது யார்? குளோவர் தன் மக்களை எழுத்தறைக்குள் உட்காரவைத்தார், அனுபவம் இல்லாதவர்கள் என்று தெரிந்தே உட்காரவைத்தார். பாட்டை மட்டும் லயத்திலிருந்து எடுத்துக்கொண்டு வசனத்தை வேறெங்கோ எழுதினால் தோட்டத்துப் பேச்சு அங்கே கேலிக்குத்தான் பயன்படும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மாஸ்டர் என்பது ஒலிப்பதிவின் உரிமை, வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, இரண்டையும் ஒரே தாளில் கொடுக்காதீர்கள்.

தேறிய வருமானம் என்று இருந்தால், எதெல்லாம் கழிக்கப்படும் என்ற பட்டியலைக் கேளுங்கள்.

"என்றென்றைக்கும்" என்ற சொல் இருந்தால் அதை வெட்டி ஆண்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பாட்டில் உங்கள் பெயரைப் போடச் சொல்லும் உரிமையை நீங்கள் உயிரோடிருக்கும்வரை யாருக்கும் மாற்றிக்கொடுக்கமுடியாது.

யூடியூபில் நீங்களே போட்டு விளம்பரக் காசு பார்க்கப் பொதுவாக 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். கடினம்தான், ஆனால் கடன் இல்லை.

18 வயதாகாதவர்கள் தனியாகக் கையெழுத்து வைக்கவேண்டாம்.

முற்பணத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரசீதை வைத்திருங்கள், செலவழிக்காமலிருந்தால் இன்னும் நல்லது.

தாளைத் தமிழில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அந்த மறுப்பே உங்களுக்குப் பதில். வசதி குறைந்தவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. கையெழுத்து வைக்குமுன் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் எல்லாப் பக்கத்தையும் காட்டுங்கள். அதற்குள் 15ஆம் திகதி கடந்துபோனால் போகட்டும். உண்மையாகவே உங்கள் பாட்டு வேண்டுமென்றால் 16ஆம் திகதியும் வந்து கேட்பார்கள்.