596 நாள் ஓடிய தெலுங்குப் படம்!

சென்னையில் ஒரு தெலுங்குப் படம், டப்பிங்கூடச் செய்யாமல், 596 நாள் ஓடியது தெரியுமா? 1978இல் வந்த ‘மரோசரித்ரா’தான் அது! ஓடிய இடம் அண்ணா சாலை சபையர் தியேட்டர். கலர் படம்கூட இல்லை, கறுப்பு வெள்ளை! கே. பாலசந்தர் இயக்கம். ஆழ்வார்பேட்டைக்காரர் கமல்ஹாசன் கதாநாயகன். சரிதாவுக்கு அதுதான் முதல் படம். கதைப்படி பையன் தமிழ், பெண் தெலுங்கு. ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியாது. அவர்களே புரியாமல் காதலிக்கும்போது பார்ப்பவனுக்கு மட்டும் பாஷை எதற்கு என்று நம் ஊர் ரசிகன் முடிவுகட்டிவிட்டான்!

படத்தை விடுங்கள், அந்த சபையரே ஓர் அதிசயம். 1964இல் திறந்தார்கள். ஒரே வளாகத்தில் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மூன்று தியேட்டர்! ‘மல்டிபிளெக்ஸ்’ என்ற சொல்லே நம் காதில் விழாத காலம் அது. புளூ டைமண்டில் இடைவிடாமல் படம் ஓடும். எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். முதலில் கிளைமாக்ஸைப் பார்த்துவிட்டு அப்புறம் டைட்டில் பார்த்தவர்கள் எத்தனை பேர்! பாதியில் நுழைந்தவர் அடுத்த ஆட்டத்தில் அதே காட்சி வரும்வரை உட்கார்ந்திருப்பார். வந்ததும், “நாம வந்தது இந்த சீன்லதான், கிளம்பு” என்று பக்கத்திலிருப்பவர் தோளைத் தட்டுவார். இப்படி ஒரு வசதி இன்றைக்கு எந்த மாலில் கிடைக்கும்?

தி.நகர் போக் ரோடு ‘அன்னை இல்லம்’ சிவாஜி கணேசனின் வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தின் சாந்தி தியேட்டரில், அந்தக் குடும்பமே தயாரித்த ரஜினி படம் 800 நாளைத் தாண்டியது தெரியுமா? 2005இல் வந்த ‘சந்திரமுகி’! அதற்கு முன் நீண்ட ஓட்டத்துக்குப் பெயர்போன படம் 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’. பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் அது. இந்தப் பெருமையை இன்னொரு படத்துக்கு விட்டுக்கொடுக்க அறுபது வருஷம் ஆகியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்!

தி.நகரில் கவிஞர் வாலியோடு கிளப் ஹவுஸில் தங்கி வாய்ப்புத் தேடிய ஒருவர், அதே தி.நகரில் தன் பெயரிலேயே தியேட்டர் கட்டினார். யார் தெரியுமா? நாகேஷ்! எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இதுதான். அந்தத் தியேட்டர் இன்று இல்லை. மயிலாப்பூர் காமதேனு, கபாலி தியேட்டர்களும்கூட இல்லை.

இரண்டு ரசிகர்கள் உட்கார்ந்தால் சண்டை வராமல் இருக்குமா? “அந்தப் படம் எந்த வருஷம், மியூசிக் யாரு?” என்று வாக்குவாதம் முற்றினால் கைப்பேசியில் தேட முடியாத காலத்தில் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். பிலிம் நியூஸ் ஆனந்தன்! 1958இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு பி.ஆர்.ஓ.வாக இருந்தவர். தமிழ்ப் படவுலகில் அந்த வேலையே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. எந்தப் படத்தில் யார் யார் என்று ஒவ்வொன்றாகத் திரட்டி, ஸ்டில்களைச் சேர்த்து வைத்தார். 2016இல் மறைந்த அவர் இல்லாவிட்டால் நாம் சொல்லும் பாதிக் கணக்குக்கு ஆதாரமே இருந்திருக்காது.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு யார் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்கிறீர்களா? 2010இல் வந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ மறுபடி திரைக்கு வந்து, அண்ணா நகர் மால் ஒன்றில் 2025 தொடக்கத்தில் 1000 நாளைத் தாண்டிவிட்டது! ஓ.டி.டி. இருக்கிறது, டி.வி. இருக்கிறது, பாட்டெல்லாம் மனப்பாடம். முதல் ரிலீஸின்போது பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளைகள், டிக்கெட் எடுத்து உட்கார்ந்து ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து பாடுகிறார்கள். படத்தில் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் சேரப்போவதில்லை என்று தெரிந்தேதான் பாடுகிறார்கள்!