மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை... இந்தப் பக்கம் சுள்ளென்ற வெயில்! சிவகாசி பட்டாசு நகரம் ஆனது எப்படி?

ஜூன், ஜூலையில் கேரளாவில் மழை பிய்த்து உதறும். அதே நாள்களில் சிவகாசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு மலைத்தொடர்தான். அது செய்யும் வேலை என்ன?

மலை போட்ட தடுப்பு

அரபிக்கடலில் இருந்து ஈரத்தை அள்ளிவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மேகமாகி, கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இறங்கும்போது காற்று மீண்டும் சூடாகிறது, மேகம் கலைகிறது. இதைத்தான் ‘மழை மறைவுப் பகுதி’ என்கிறார்கள்.

கேரளாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் சுமார் 2,000 மி.மீ. மழை பெய்யும். விருதுநகர் மாவட்டத்துக்கு வருடம் முழுக்கவே சுமார் 800 மி.மீ.தான்! செங்கோட்டை அருகே மலையில் கணவாய் இருப்பதால், தென்காசி, குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. சிவகாசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வறட்சியே முதலீடு

மானாவாரி விவசாயம் கைகொடுக்காத ஊரில், 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பிறகு பட்டாசும் வந்தது. குச்சியும் மருந்தும் காய வெயில் வேண்டுமே! அது இங்கே தாராளமாகக் கிடைத்தது.

அக்டோபர் வந்தால் கவலை

இங்கே முக்கிய மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். கிழக்குக் கரையில் கடலை ஒட்டி உயரமான மலைச்சுவர் இல்லை. அதனால் புயலும் காற்றழுத்தத் தாழ்வும் எங்கே வருகின்றன என்பதைப் பொறுத்தே மழை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. விருதுநகரின் ஒரு வருட மழையைவிட இது அதிகம்!

கண்மாய் நிறைந்தால் விவசாயிக்குச் சந்தோஷம். பட்டாசுத் தொழிலாளிக்கோ, சரக்கு காயாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில்தான் வானமும் இருட்டுகிறது.

ஆபத்தும் உண்டு. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். இடி, மின்னலும் எமன்தான். அதனால், மழை நாளில் அவசரப்படுத்தாமல் வேலையை நிறுத்துவதே உயிரைக் காக்கும்.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். நமத்துப்போன பட்டாசை அடுப்புப் பக்கம் வைத்துக் காய வைக்காதீர்கள், ப்ளீஸ்!